மழைக்காலத்து வார்டு: மலாவி கிராமத்துக்குப் போகும் குழந்தை மருத்துவருக்கு

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் நவம்பரில் பிடிக்கும் மழை ஏப்ரல் வரை விட்டு விட்டுப் பெய்யும். போன அறுவடையின் மக்காச்சோளம் டிசம்பர் வாக்கில் பல வீடுகளில் தீர்ந்துவிடும். புதுக் கதிர் ஏப்ரலில்தான் கைக்கு வரும். வயிறு காயும் மாதங்களும் கொசு பெருகும் மாதங்களும் ஒன்றாக வந்து விழுவதால், ஜனவரி முதல் மார்ச் வரை மாவட்ட ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் கிடக்கும். தன்னார்வலராகப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஜூன், ஜூலையைக் கேட்கிறார்கள். வானம் வெளுத்து, சாலை காய்ந்து, பயணத்துக்கு இதமாக இருக்கும் காலம் அது. ஆள் தேவைப்படுவது ஜனவரியில்.

எவ்வளவு நாள்? குறைந்தது மூன்று மாதம், ஆறு என்றால் நல்லது. இரண்டு வாரத்துக்கு வருவதென்றால் வராமலிருப்பதே உபகாரம். புதிதாக வருகிறவருக்கு மருந்தறை எங்கே, ரத்தம் எங்கே கேட்பது, எந்தப் படிவம் எதற்கு என்று முதல் இரண்டு வாரம் ஒருவர் கூடவே நின்று காட்ட வேண்டும். அந்த ஒருவர், வார்டில் இருக்கிற ஒரே கிளினிக்கல் ஆபீசராக இருப்பார். அவர் உங்களுக்கு வழிகாட்டும் நேரத்தில் வாசலில் பிள்ளைகள் காத்திருக்கும்.

கிளினிக்கல் ஆபீசர் யார் என்பதை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்லர், மூன்றாண்டு டிப்ளமோவும் பயிற்சிக்காலமும் முடித்தவர். சிசேரியன் செய்வதும், முதுகுத்தண்டில் நீர் எடுப்பதும், நள்ளிரவில் வலிப்போடு வரும் பிள்ளைக்கு மருந்து கணக்குப் போடுவதும் அவர்தான். மலாவியின் மாவட்ட மருத்துவம் இவர்கள் தோளிலும் நர்சுகள் தோளிலும்தான் நிற்கிறது. அவர்களுடைய பணிப்பட்டியலில் இரவுப்பணி உட்பட உங்கள் பெயரும் சேரட்டும். தனியாக ஒரு "நிபுணர் ரவுண்டு" வேண்டாம். மலாவி மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு கைக்கு வராமல் பிள்ளையைத் தொடவும் வேண்டாம். பட்டச் சான்றிதழ், உங்கள் ஊர்க் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்று எல்லாம் போய்ச் சேர நாளாகும். பல மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். அங்கே இறக்கும் குழந்தைகளில் பலர் வந்து சேர்ந்த முதல் 24 மணி நேரத்துக்குள் போய்விடுகிறார்கள். அதனால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் யாரை முதலில் உள்ளே தூக்குவது என்பதே முதல் வைத்தியம். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, வலிப்பு, நீரிழப்பு என்ற ஒழுங்கில் ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம். எடை பார்க்கும் மேசையில் இருப்பவர், ஏன், வாசல் காவலர்கூட இதைக் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொடுப்பது உங்கள் வேலை. அம்மாக்கள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். அழுகிற பிள்ளையைத் தாண்டிப் போய், சிட்டெஞ்சே துணியில் முதுகோடு கட்டப்பட்டு அசையாமல் இருக்கும் பிள்ளையின் துணியை விலக்கிப் பாருங்கள். ஆபத்து அங்கே இருக்கும்.

நினைவு தப்பிய பிள்ளைக்கு பிளாண்டயர் கோமா அளவை உண்டு. மலாவியின் பிளாண்டயர் நகரில், பேசத் தெரியாத குழந்தைகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. கண் தொடர்ந்து பார்த்தால் 1. அழுகை சரியாக இருந்தால் 2, முனகினால் 1. வலி தரும் இடத்தைக் கை தேடி வந்தால் 2, கையை இழுத்துக்கொண்டால் 1. மொத்தம் 5. இரண்டோ அதற்குக் கீழோ என்றால் ஆழ்ந்த மயக்கம். நகத்தின் மேல் பென்சிலைப் படுக்கை வசத்தில் வைத்து அழுத்தினால் போதும். கிள்ளவோ அறையவோ வேண்டாம். பக்கத்தில் பாட்டி பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்தது சர்க்கரை. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 45 மி.கி.க்குக் கீழே, மெலிந்த பிள்ளை என்றால் 54க்குக் கீழே இருந்தால் 10% குளுக்கோஸ் கிலோவுக்கு 5 மில்லி. அங்கே கிடைப்பது பெரும்பாலும் 50% குப்பி. ஒரு பங்கு அதிலிருந்து, நான்கு பங்கு ஊசிக்கான நீர் என்று கலந்தால் 10% வந்துவிடும். அப்படியே 50% ஏற்றினால் நரம்பு வெந்துபோகும். நரம்பு கிடைக்கவில்லையா, ஒரு டீஸ்பூன் சர்க்கரையைச் சில சொட்டுத் தண்ணீரில் நனைத்து நாக்குக்கு அடியில் வையுங்கள்; பிள்ளை விழுங்கிவிட்டால் திரும்பவும் வையுங்கள். சோதனைப் பட்டை தீர்ந்துபோவது அங்கே வழக்கம். தீர்ந்துவிட்டால், மயங்கிய பிள்ளைக்கு சர்க்கரை குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே மருந்து கொடுக்க வேண்டும்.

வலிப்புக்கு டயாசிபாம் மலவாயில் கிலோவுக்கு 0.5 மி.கி. ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சை 4, 5 செ.மீ. உள்ளே விட்டு மருந்தைச் செலுத்தி, புட்டத்தைச் சில நிமிடம் சேர்த்துப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் மருந்து வெளியே வந்துவிடும், "மருந்து கேட்கவில்லை" என்று இரண்டாவது தவணைக்குப் போய்விடுவீர்கள். இரண்டு தவணைக்கு மேல் டயாசிபாம் கூடாது. மூச்சு நின்றால் வென்டிலேட்டர் இல்லை. கையில் பலூன் மாஸ்க் மட்டும்தான். அடுத்த மருந்து ஃபீனோபார்பிட்டல், கிலோவுக்கு 20 மி.கி.

கடும் மலேரியாவுக்கு ஆர்டிசுனேட். 60 மி.கி. தூள் குப்பியில் கூடவே வரும் 1 மில்லி சோடியம் பைகார்பனேட்டை விட்டுக் குலுக்க வேண்டும். முதலில் மேகம்போல் கலங்கி நுரைக்கும். தெளியும் வரை காத்திருங்கள். தெளியாவிட்டால் அந்தக் குப்பி வேண்டாம். நரம்பில் போட 5 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 10 மி.கி.; தசையில் போட 2 மில்லி சேர்த்தால் 20 மி.கி. இந்த இரண்டு கணக்கும் கைமாறிப்போவது அடிக்கடி நடக்கும் தவறு. கலந்த உடனே எப்படிக் கலந்தது என்று குப்பியின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். 20 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 3 மி.கி., அதற்கு மேல் 2.4. வந்தவுடன், 12 மணியில், 24 மணியில், பிறகு தினம் ஒன்று. மூன்று ஊசியாவது போட்ட பிறகு, விழுங்க முடிகிற பிள்ளைக்கு ஆர்டிமெதர்-லுமெஃபான்ட்ரின் மாத்திரை மூன்று நாள் முழுதாகக் கொடுக்க வேண்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு அனுப்பி மாத்திரையை மறந்துவிட்டால் கிருமி திரும்பி வரும்.

மலேரியா ரேபிட் டெஸ்ட்டை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. அது பிடிக்கும் புரதம், கிருமி செத்த பிறகும் சில வாரம் ரத்தத்தில் தங்கும். மழைக்காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளில் பலருக்குக் கோடு விழும். பிளாண்டயரில் பிரேதப் பரிசோதனை செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூளை மலேரியா என்று கணித்திருந்த பிள்ளைகளில் 23% பேர் வேறு காரணத்தால் இறந்திருந்தார்கள். கண்ணின் விழித்திரையைப் பார்த்துத்தான் ஓரளவு பிரிக்க முடிந்தது. எனவே மயங்கிய பிள்ளைக்கு ஆர்டிசுனேட்டோடு பாக்டீரியாவைக் கொல்லும் செஃப்ட்ரையாக்சோனும் தொடங்குங்கள், பாதுகாப்பாகச் செய்ய முடிகிற நேரத்தில் முதுகில் நீர் எடுங்கள். மூளைக்காய்ச்சலும் ரத்தத்தில் சால்மொனெல்லாவும் மலேரியாவின் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

இந்தக் கட்டுரை எழுத முக்கியக் காரணமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். நகரத்து ஐ.சி.யூ.வில் நம் கை பழகிய வைத்தியம் அங்கே பிள்ளையைக் கொல்லக்கூடும். கை கால் சில்லிட்டு, நாடி மெலிந்து, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்பத் தாமதிக்கும் பிள்ளையைக் கண்டால் கை தானாகவே சலைனைத் திறந்துவிடும். கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் 3,141 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஃபீஸ்ட் ஆய்வு என்று பெயர். வேகமாகத் திரவம் ஏற்றிய குழுவில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இறந்தார்கள். ஏற்றாத குழுவில் 7.3. பேதியால் காய்ந்த பிள்ளைகளையும் கடும் ஊட்டக்குறைவுப் பிள்ளைகளையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போன மற்றவர்களின் கதை அது. அதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் விதியை இறுக்கியது: சில்லிட்ட கை கால், மெலிந்து வேகமான நாடி, நகத்தில் சிவப்பு திரும்ப மூன்று விநாடிக்கு மேல் தாமதம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, அதுவும் 30 முதல் 60 நிமிடத்தில் நிதானமாக. ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் வேகமாக ஏற்றக்கூடாது.

பேதியால் வற்றிய பிள்ளை வேறு. அதற்குக் கிலோவுக்கு 100 மில்லி வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே முதல் 30 மில்லி ஒரு மணி நேரத்தில், மீதி 70 ஐந்து மணி நேரத்தில். ஒரு வயதுக்கு மேலே அரை மணி, பிறகு இரண்டரை மணி. இந்த இரண்டு பிள்ளைகளையும் பிரித்தறிவதுதான் அங்கே குழந்தை மருத்துவரின் படிப்புக்கு உண்மையான வேலை.

குழந்தைகளுக்கான அளவுக்குழாய் கிடைக்காது, பெரியவர்களின் ட்ரிப் செட்தான். அதில் 20 சொட்டு ஒரு மில்லி. மணிக்கு இத்தனை மில்லி என்ற எண்ணை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று வரும். 8 கிலோ பிள்ளைக்கு மணிக்கு 30 மில்லி என்றால் நிமிடத்துக்கு 10 சொட்டு. ஆனால் சொட்டு வேகத்தை மாற்றும் சக்கரத்தை யாராவது தொட்டுவிடுவார்கள், பிள்ளை கையை மடக்கி நீட்டும், வேகம் மாறிவிடும். ஒரு லிட்டர் பையை முழுதாகத் தொங்கவிட்டுப் போய்விட்டு, விடியற்காலையில் காலிப் பையையும் நுரையீரல் நிறைந்த பிள்ளையையும் பார்ப்பது அங்கே நடக்கிற விபத்து. அடுத்த நான்கு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் பையில் விட்டு, மீதியைக் கொட்டிவிட்டுத் தொங்கவிடுங்கள். மருந்தை வீணாக்குவதாக நர்ஸ் வருந்துவார். காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

ரத்தத்திலும் இதே நிதானம் வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே என்றால் கட்டாயம் ஏற்ற வேண்டும். 4க்கும் 6க்கும் நடுவே இருந்து மூச்சுத்திணறலோ மயக்கமோ இல்லையென்றால், மூன்று நாளுக்காவது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உகாண்டாவிலும் மலாவியிலும் நடந்து 2019இல் வெளியான டிராக்ட் ஆய்வு, அந்தப் பிள்ளைகளுக்கு உடனே ஏற்றுவதால் இறப்பு குறையவில்லை என்று காட்டியது. காய்ச்சல் இருக்கும் பிள்ளைக்கு முழு ரத்தம் கிலோவுக்கு 20 மில்லி, காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு 30 நல்லது என்பதும் அதில் தெரிந்தது. ரத்த வங்கியில் இல்லாத இரவில் மாமனோ சித்தப்பாவோதான் கொடுக்க வேண்டும். தாயே கொடுக்கிறேன் என்று முன்வருவாள். பல சமயம் அவளும் சோகை பிடித்துத்தான் இருப்பாள்.

ஊட்டக்குறைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி, எதிலும் நாட்டமில்லாமல் முனகும் பிள்ளைக்கு 'குவாஷியோர்கர்' என்ற பெயர் கானாவின் கா மொழியிலிருந்து வந்தது. அங்கே வேலைபார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், தாய்மார்கள் சொன்ன அந்தச் சொல்லையே 1935இல் மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். அடுத்த குழந்தை வந்ததால் மார்பிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று அர்த்தம். தமிழிலும் அதே இடத்தைச் சுட்ட ஒரு சொல் உண்டு: சவலை. "அடுத்தது வயித்துல வந்ததும் இது சவலையாப் போச்சு" என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். அந்தச் சொல்லை அறிந்தவர்களுக்கு மலாவியின் ஊட்டக்குறைவு வார்டு அந்நியமாக இராது.

புஜத்தின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதத்திலும் வீக்கம் இருந்தாலோ கடும் ஊட்டக்குறைவு. இந்தப் பிள்ளையின் உடல் அணையப்போகிற விளக்குபோல் எல்லாவற்றையும் குறைத்து வைத்திருக்கும். செல்லுக்குள் சோடியம் கசிந்து சேரும், பொட்டாசியம் வெளியேறும், இதயம் மெலிந்திருக்கும். உப்புநீரை நரம்பில் ஏற்றினால் தாங்காது. பரிதாபப்பட்டு முட்டையும் பாலும் அள்ளிக் கொடுத்தாலும் தாங்காது. வீக்கத்தைப் பார்த்து நீர் பிரிக்கும் மருந்து கொடுக்கக் கூடாது, சோகையைப் பார்த்து முதல் வாரத்தில் இரும்பு கொடுக்கக் கூடாது. முதலில் எஃப்-75 என்ற பால்: 100 மில்லியில் 75 கலோரி, புரதமும் உப்பும் குறைவு. நாளைக்குக் கிலோவுக்கு 130 மில்லி, வீக்கம் கடுமையாக இருந்தால் 100. ஆறு கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 780 மில்லி. இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று பன்னிரண்டாகப் பிரித்தால் தடவைக்கு 65.

அந்தப் பன்னிரண்டில் நான்கு இரவில் வரும். இரவு 12, 2, 4, 6. வார்டு முழுவதற்கும் ஒரே நர்ஸ். அவர் ஒரு மூலையில் வலிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மணிப் பால் தவறும், நான்கு மணிக்குப் பிள்ளை தூங்குகிறதே என்று அம்மா எழுப்ப மாட்டாள். ஆறு மணிக்குப் பிள்ளை சில்லிட்டுக் கிடக்கும், சர்க்கரை இருக்காது. "நேற்று நன்றாகத்தானே இருந்தான்" என்று காலை ரவுண்டில் சொல்லப்படும் மரணங்களில் பலவற்றுக்குப் பின்னால் தவறிப்போன அந்த இரண்டு கோப்பை இருக்கிறது. எனவே இரவு இரண்டு மணிக்கு வார்டில் நில்லுங்கள். கொதித்து ஆறிய நீர் பிளாஸ்கில் இருக்கிறதா, மூடியிட்ட ஜாடியில் பால் கலந்திருக்கிறதா, கோப்பையில் அளவுக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புட்டி வேண்டாம், கோப்பையும் ஸ்பூனும். ஸ்பூனை உதட்டோரம் வைத்து, விழுங்கும் சத்தம் கேட்ட பிறகே அடுத்தது. எண்பது சதவீதம்கூட வாயால் இறங்காவிட்டால் மூக்குவழிக் குழாய். பக்கத்துக் கட்டில் அம்மாவைக் கூட்டுச் சேர்த்து, ஒருத்தி எழுந்தால் மற்றவளை எழுப்புவது என்று ஏற்பாடு செய்துவிட்டால், நீங்கள் போன பிறகும் அது நடக்கும். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்துப் போர்த்தச் சொல்லுங்கள். அக்குளில் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதுவே ஆபத்து அறிகுறி.

பசி திரும்பி வீக்கம் வடியத் தொடங்கினால் சிபோண்டே. நிலக்கடலை, பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை, சத்துப்பொடி சேர்த்து அரைத்த பசைக்கு மலாவியில் அந்தப் பெயர். அந்த நாட்டிலேயே தயாராகிறது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அதைக் கிழித்து உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டும் பிள்ளையைப் பார்த்தால் நர்சுகளின் முகம் மலரும். வீட்டில் அண்ணன் தம்பிகள் பங்கு கேட்பார்கள், தாய் மறுக்க மாட்டாள். எடை ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம். திட்டாமல் கேட்டால் சொல்லுவாள்.

ஆக்சிஜன் பற்றிச் சலிமாவிலிருந்து ஒரு பாடம் உண்டு. ஏரிக்கரையில் இருக்கும் அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில், கடும் நிமோனியாவும் கூடவே ஊட்டக்குறைவோ எச்.ஐ.வி. பாதிப்போ ஆக்சிஜன் குறைவோ இருந்த பிள்ளைகளுக்கு, மூக்குவழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி நுரையீரலை விரித்து வைக்கும் பபிள் சிபாப் கருவியைச் சோதித்தார்கள். சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11% இறந்தார்கள், கருவியில் இருந்தவர்களில் 17%. 2019இல் முடிவு வெளிவந்தது. கருவி நல்ல கருவிதான். பிளாண்டயரின் பச்சைக்குழந்தை வார்டில் உயிர் காக்கிறது. சலிமாவில் தினமும் கூடவே நின்று பார்க்கும் மருத்துவர் இல்லை. ஊரிலிருந்து கருவி கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூக்குக்குழாயில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரின் பின்புற நுரை வடிகட்டியை வாரம் ஒரு தடவை சோப்பு நீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். மண்சாலைத் தூசி அடைத்தால் இயந்திரம் ஓடும், ஆக்சிஜன் வராது. மின்சாரம் பெருமளவு ஷிரே ஆற்றை நம்பியிருக்கிறது. 2022 ஜனவரியில் ஆனா புயல் கபிசிரா மின்நிலையத்தை உடைத்தபோது நாடே தவித்தது. சிலிண்டர் ஒன்று நிரம்பியிருக்கிறதா, அதைத் திறக்கும் ஸ்பானர் எங்கே தொங்குகிறது என்பதை இருட்டுவதற்கு முன் பார்த்து வையுங்கள்.

பையில் எடுத்துப் போக: குழந்தை விரலுக்கான புரோப் உள்ள பல்ஸ் ஆக்சிமீட்டர், நெற்றி விளக்கு, கண் பார்க்கும் ஆப்தால்மோஸ்கோப், அங்கேயே பட்டை கிடைக்கும் வகை குளுக்கோமீட்டர், நரம்பில் செருக 24 அளவு கேனுலா. காலாவதி நெருங்கிய மருந்து வேண்டாம். உங்களுக்கென்று மலேரியாத் தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் கட்டாயம். ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணிக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும்.

மொழி? அங்கே பேசும் சிச்சேவாவில் நூறு சொல் போதும், ஆனால் அந்த நூறு வேண்டும். தாயை 'அமாயி' என்று மரியாதையாக அழையுங்கள், பாட்டியை 'அகோகோ'. 'சிஃபுவா' இருமல். 'மலுங்கோ' என்றால் மலேரியா என்று அகராதி சொல்லும். தாய் சொல்லும்போது காய்ச்சல், உடம்புவலி எல்லாமே அதில் அடங்கும். அவள் மலுங்கோ என்றாள் என்பதற்காகச் சீட்டில் மலேரியா என்று எழுதிவிடாதீர்கள். சிகிச்சைக்குச் சம்மதம் பாட்டியிடமிருந்து வர வேண்டியிருக்கலாம். விளக்கத்தை அவளுக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஹெல்த் பாஸ்போர்ட் என்ற சிறு நோட்டுப்புத்தகத்தை வாங்கி எழுத வேண்டும். மலாவியில் நோயாளியின் கையிலேயே இருக்கும் மருத்துவப் பதிவு அது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, சிட்டெஞ்சே முடிச்சுக்குள் வைத்திருப்பாள். ஆர்டிசுனேட் போட்ட சில பிள்ளைகளுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து ரத்த அணுக்கள் திடீரென்று உடையும். நோய் போய்விட்டது என்று நினைத்திருக்கும் வீட்டில் பிள்ளை வெளுத்துப்போகும். அதனால் இன்றைய எடை, இன்றைய ஹீமோகுளோபின், கொடுத்த ஊசிகளின் எண்ணிக்கை, திரும்ப வந்து ரத்தம் பார்க்க வேண்டிய 7ஆம், 14ஆம், 28ஆம் நாட்களின் தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'அடுத்த வாரம்' என்று எழுதாமல் தேதியையே, சந்தை நாளைக் கேட்டு அதையொட்டி, பக்கத்து ஹெல்த் சென்டரின் பெயரோடு எழுதுங்கள். உள்ளங்கை வெளுத்தால் அந்தத் தேதிக்குக் காத்திராமல் வரச்சொல்லி, அவள் கையையும் பிள்ளையின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.